துப்பியதை எதில் சேர்ப்பது

காலையில் என்ன சாப்பிட்டீர்கள்
என்று கேட்கிறது கைபேசி.
களி என்று அடித்தேன்.
பட்டியலில் இல்லையாம்.
ராகி புட்டிங், ஒரு கப்,
அதுவா பாருங்கள் என்கிறது.
காவேரிப்பட்டணத்தில் எந்தக் களியும்
கப்பில் வந்ததில்லை.
ஓர் உருண்டைக்கு எத்தனை கப் என்று
முனிரத்னாவும் நானும்
குழாயடியில் நின்று
தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்தோம்.
இரண்டேகால்.
இரண்டு என்று போட்டேன்.
அந்தக் கால் கப்தான்
நான் அதனிடம் சொன்ன முதல் பொய்.

ஜூன் மாதம்.
பர்கூர் சாலை நெடுக லாரிகள்.
தார்ப்பாய்க்குக் கீழே
பழுத்துக்கொண்டே வரிசையில் நிற்கிறது பெங்களூரா.
மாங்கூழ் ஆலையில் எனக்கு
ருசி பார்க்கும் வேலை.
கருவி ஒன்று இருக்கிறது.
ஒரு சொட்டு வைத்துக் கண்ணருகே பிடித்தால்
பதினாறு, பதினேழு என்று இனிப்பைச் சொல்லும்.
புளிப்பு தொண்டையில் எங்கே திரும்புகிறது என்பது
அதற்குத் தெரியாது.
அதற்குத் திம்மராயன் வேண்டும்.
பத்தொன்பது வருட நாக்கு.

தொட்டிக்கு அரைக் கரண்டி,
ஷிஃப்டுக்கு நாற்பது தொட்டி.
நாக்கில் புரட்டி, அண்ணத்தில் அழுத்தி
வாளியில் துப்பிவிடுவேன்.
போன வருஷம் வரை துப்பியதில்லை.
பிப்ரவரியில்தான் ரத்தம் எடுத்தார்கள்,
முழங்கை மடிப்பில் பஞ்சோடு
ஆலை முழுக்க வரிசையில் நின்றது.
எனக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
அன்றே இதை ஏற்றிக் கொடுத்தார்கள்:
பச்சைக் கோடு, சிவப்புக் கோடு,
தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு மணியோசை.

நடையையும் எண்ணுகிறது.
ஆனால் கைபேசி உள்ளே வரக்கூடாது.
மோதிரம், வளையல், கைபேசி,
எல்லாவற்றையும் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான்
தலைக்கு வலை மாட்டுகிறோம்.
எட்டு மணி நேரம்
அசையாமல் படுத்துக் கிடந்துவிட்டு
சாயங்காலம் என்னைக் கேட்கிறது,
இன்று நூற்று நாற்பது அடிதானா?
சற்று எழுந்து நடமாடலாமே!

கொட்டை நீக்கும் இடத்தில்
மாதம்மாள் ஐம்பத்திரண்டு அடி.
காலில் வெடிப்பு மட்டும்
அதைவிட அதிகம் என்கிறாள்.
போன மாதம் பத்தாயிரம் தொட்டு
தண்ணீர் பாட்டில் பரிசு வாங்கியவர்
கணக்காளர்.

புதன்கிழமை ராத்திரிகளில் ஒரு குரல் கூப்பிடும்.
ஃபௌசியா, உங்கள் நலப் பயிற்சியாளர்,
இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.
மாம்பழம் சாப்பிடுறீங்களா சார்?
தினம் நாற்பது தடவை என்றேன்.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது.
விழுங்குறதில்லம்மா, துப்பிடுவேன்.
அதுக்குக் கட்டம் இல்லையே சார்,
எதுல போட? பழத்திலயா,
வாய் கொப்பளிக்கிறதுலயா?
பதிவாகிறது என்பதை மறந்து
இரண்டு பேரும் சிரித்தோம்.
அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
இந்த வருஷம் பழம் எப்படி சார்?

யாரும் கேட்டதில்லை இதை.
தரச்சான்றில் கையெழுத்து கேட்பார்கள்,
எண் கேட்பார்கள்.
மழை பிந்தியதைச் சொன்னேன்.
கால்வாய் ஓரத்துத் தோப்பு தப்பித்ததை,
இனிப்பு முந்திக்கொண்டு வாசலில் நிற்க
புளிப்பு பின்கட்டிலேயே தங்கிவிடுவதை,
மூன்றாம் மடக்கில்தான் அது
எட்டிப் பார்ப்பதைச் சொன்னேன்.
விழுங்காதவனுக்கு மூன்றாம் மடக்கு
எப்படித் தெரியும் என்று
அவள் கேட்கவில்லை.
பேசிக்கொண்டே அணைச் சாலையில்
மதகு வரை வந்திருக்கிறேன்.
நாலாயிரத்து அறுநூறு.
பச்சை.

நேற்று கடைசித் தொட்டி, அல்போன்சா.
வாளியைப் பக்கத்தில் இழுத்தேன்.
கைபேசி பெட்டிக்குள் படுத்திருந்தது.
வாளி இருந்தபடியே இருந்தது.

இரவு கேட்டது: வேறு ஏதேனும்?
அரைக் கரண்டி என்று அடித்தேன்.
எதில் என்கிறது.